கறுப்புத் திரையின் கடைசி வரி

மரியே வாழ்க

திண்டிவனம்
8-3-2010

அன்பு மருமகள் மெர்லினுக்கு மாமா இன்னாசிராஜ் எழுதுவது.

இங்கே நானும் நம் டி.டி.பி. கடையும் சுகம். விழுப்புரத்தில் நீயும், வயிற்றுப் பிள்ளையும், உன் அம்மா சவுரியம்மாளும் அதே சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இது நான் எழுதும் முதல் கடிதம். அறுபத்தெட்டு வயது வரை கைநாட்டு. மல்லாட்டை மண்டியில் முப்பது வருடம் கடலை மூட்டை தூக்கியபோது, மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்தவனைத்தான் கேட்பேன். கோயிலில் மாலை வகுப்பு வைத்தார்களே, அந்தப் புண்ணியத்தில் இன்று உனக்கு எழுதுகிறேன். இதுவரை எழுதியதற்கு நேற்றுப் பிற்பகலும் இன்று காலையும் ஆனது. 'ழ' மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது.

நேற்று போன் செய்தேன். உன் அம்மாதான் எடுத்தார். "டாக்டர் படுத்துக்கினே இருன்னு சொல்லியிருக்காரு. இவ போன்ல மெஷினுக்கு வைத்தியம் பாத்துக்கினு கீறா. போனைப் பிடுங்கி பீரோல வச்சிட்டேன் சம்பந்தி" என்றார். நல்லதுதான். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் போனில் சொல்ல எனக்கு இங்கிலீஷ் எழுத்தின் பெயர் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி வரையத்தான் தெரியும். நீ சொன்னபடி கறுப்புத் திரையின் கடைசி வரியை இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். இனி ஒவ்வொரு கடிதத்திலும் வரைவேன்.

உன் புருஷன் இருதயராஜ் நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறான். வர இருபது நாள் ஆகுமாம்.

எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே.

இப்படிக்கு,
இன்னாசிராஜ் (கையெழுத்து, கைநாட்டு அல்ல)


விழுப்புரம்
14-3-2010

அன்புள்ள மாமாவுக்கு மெர்லின் எழுதுவது.

உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். உங்கள் 'ழ' நன்றாகத்தான் இருக்கிறது. நான் கட்டிலும் கூரையுமாக சுகமாக இருக்கிறேன். ஏழாவது மாதத்தைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்கிறார் டாக்டர். போன தடவை ஏழில்தானே போனது. அதனால் பஸ் கூடாது, படி கூடாது, கவலை கூடாது.

ஆனால் ஒரு வேலை இருக்கிறது, உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டர் பெட்டியைப் புதுப்பிக்க வேண்டும். ஆறு மாதம் ஆகிவிட்டது. இதற்கு மேல் விட்டால் உள்ளே ஒன்றோடொன்று முடிச்சு விழும். அவிழ்க்க நானே வர வேண்டியிருக்கும்.

ஏன் இத்தனை நாள் ஓடுகிறது என்று போன தடவை கேட்டீர்கள். மற்றவர்கள் போட்டுக்கொள்வது பாக்கெட் மாவு மாமா. வாங்கினால் உடனே தோசை. நம் பெட்டியை ஓட்டும் ஜென்டூவுக்கு மென்பொருள் எல்லாம் அரிசியும் உளுந்துமாகத்தான் வரும். நம் பெட்டியே ஊறவைத்து, ஆட்டி, நம் கல்லுக்கு ஏற்ற பதத்தில் எடுத்துக்கொள்ளும். பழைய பெட்டி என்பதால் மெதுவாகத்தான் ஆட்டும். 2003-இல் பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் போட்டது. அதன்பின் வெளிப்பெட்டி இரண்டு முறை மாறியது, உள்ளே ஹார்டு டிஸ்க் தட்டு மூன்று முறை மாறியது, கல்யாணமாகி பீரோவோடு நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு தடவைகூட அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டதில்லை. கெட்டதையெல்லாம் சரிசெய்து சரிசெய்தே ஏழு வருடம் வந்துவிட்டேன்.

புனித வாரத்தில் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். புதன்கிழமை காலை சுவரில் ஒட்டியிருக்கும் தாளின் மூன்றாவது வரியை அடியுங்கள். ரகசியச் சொல் கேட்காது. மூன்று நாள் ஓடும். தானாக நிற்கும் வரை விட்டுவிடுங்கள்.

நம் கோயில் ஜூபிலி புத்தகத்துக்குப் பங்கின் குடும்பப் பெயர்களை அடித்துக்கொண்டிருக்கிறீர்களா? ஜூலை நடுவில் அச்சுக்குப் போக வேண்டும். நான் இங்கே வரும் முன் குறுந்தட்டில் எடுத்துவைத்தது பிப்ரவரி வரைக்கும்தான். அதற்குப் பிறகு அடித்தது பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் மருமகள்,
மெர்லின்


மரியே வாழ்க

திண்டிவனம்
31-3-2010

அன்பு மருமகளுக்கு.

சுகம். உன் சுகத்துக்கு எழுத வேண்டும்.

இன்று காலை எட்டரைக்கு மூன்றாவது வரியை அடித்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு தடவை சுவரைப் பார்த்து, அடித்து, மறுபடி சுவரைப் பார்த்து. முடித்ததும் திரையில் எழுத்துகள் மழை மாதிரி இறங்கின. எனக்கு அதில் எண் மட்டும் தெரியும். இருநூற்றுப் பதினான்கில் ஒன்று என்று வந்தது. மத்தியானம் பதினெட்டு. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

பக்கத்து டீக்கடை விருத்தாசலம் எட்டிப் பார்த்தான். "இன்னா பெருசு, படம் ஓடுதா?"

"மாவு ஆட்டிக்கினு இருக்குது, மூணு நாளு ஆவும்" என்றேன்.

"மூணு நாளா? எந்த ஊரு கல்யாணத்துக்கு?"

அவனுக்குப் புரியாது.

இன்று வரை நானூற்று ஆறு குடும்பங்களை அடித்துவிட்டேன். முகையூரிலிருந்து வந்த குடும்பங்களுக்குப் பெயர் நீளம். ஒருவருக்கு மூன்று புனிதர் பெயர். அடித்து முடித்துப் படித்துப் பார்க்கும்போது, இத்தனை பேரை நானே எழுதினேனா என்று இருக்கிறது.

கடைசி வரி பின்பக்கம். நீ படிக்கும்போது அது எங்கேயோ போயிருக்கும்.

இப்படிக்கு,
இன்னாசிராஜ்


மரியே வாழ்க

திண்டிவனம்
7-4-2010

அன்பு மருமகளுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் ஈஸ்டர் வாழ்த்து.

நான் சுகம். சனிக்கிழமைப் பூசையில் நல்ல கூட்டம். மெழுகுவர்த்தி காற்றில் சாய்ந்து முன்வரிசை அம்மாள் ஒருத்தியின் முக்காடு லேசாகக் கருகிவிட்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை. கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் சாலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்தேன். சாப்பாடு சுமார். வெயில் ஏறிவிட்டது. மாங்காய் வந்துவிட்டது. உனக்கு வேண்டுமென்றால் இருதயராஜ் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். கேப்பைக் கூழ் குடி, உடம்புக்குக் குளிர்ச்சி. பூனை குட்டி போட்டிருக்கிறது. நான்கு.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
இன்னாசிராஜ்


விழுப்புரம்
12-4-2010

அன்புள்ள மாமாவுக்கு.

நான் நலமாக இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன். பூனைக்கு என் விசாரிப்பு.

கடிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததே. கடைசி வரியை எழுதவில்லையே. பெட்டி ஆட்டி முடித்ததா? பெயர்கள் எத்தனை ஆயிற்று?

மெர்லின்


மரியே வாழ்க

திண்டிவனம்
16-4-2010

அன்பு மருமகளுக்கு.

நான் சுகம். நீயும் அப்படியே என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். விக்கிரவாண்டியில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவரிடமும் நம்முடையது போலவே ஒரு பெட்டி. அது மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு காரணத்துக்காக, அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பேட்டரிப் பிளக்கையும் சேர்த்து. மூன்று மணி நேரம் கழித்துச் சொருகினால் பெட்டி பாதி தூரம் எழுந்து வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போகவில்லை. ஏதோ கேட்டுக்கொண்டு நிற்கிறது. பாவம், அவர் இரண்டு வாரமாக அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அந்தப் பெட்டிக்குள் நிறைய பேருடைய பெயர்கள் இருக்கின்றனவாம்.

அவர் திரையில் நிற்பதைப் பின்பக்கம் முழுக்க வரைந்திருக்கிறேன். ஒரு புள்ளியும் விடவில்லை. வரைய ஒன்றரை நாள் ஆனது. அவசரமில்லை. நீ எழுந்து உட்கார்ந்தெல்லாம் யோசிக்க வேண்டாம். படுத்தபடியே தோன்றினால் எழுது.

இன்னொன்று. உன் போன கடிதம் பென்சிலில் இருந்தது. வரிகள் வலப்பக்கம் கீழே சரிந்து போகின்றன. மார்ச்சில் நீ எழுதியது நூல் பிடித்த மாதிரி இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து படிப்பவனுக்கு இதெல்லாம் கண்ணில் படுகிறது.

இப்படிக்கு,
இன்னாசிராஜ்


விழுப்புரம்
28-4-2010

அன்புள்ள மாமாவுக்கு.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். பேனாவில் மை தீர்ந்துவிட்டது, அதனால்தான் பென்சில். நான் நன்றாக இருக்கிறேன்.

விக்கிரவாண்டிக்காரரை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். அவர் பெட்டி சாகவில்லை. திடீரென்று பிடுங்கியதால் தட்டில் கணக்கு குழம்பியிருக்கிறது. அதைச் சரிபார்க்கப் பெட்டியின் சொந்தக்காரர் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். பெயர்கள் அநேகமாக உள்ளே பத்திரமாக இருக்கும். நீங்கள் வரைந்ததில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அதனால்தான் என்னால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அவர் செய்ய வேண்டியது: பின்பக்கம் முதலில் ஆறு இங்கிலீஷ் எழுத்துகளைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அச்சிட்டிருக்கிற அதே வடிவத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது. ரகசியச் சொல் என்பதால் அப்படி. பயப்படாமல் ஆறையும் அடித்து, பெரிய விசையைத் தட்ட வேண்டும். பிறகு அதன் கீழே இருக்கும் நீள வரி. அது ஓடி முடித்ததும் மூன்றாவதாக இருக்கும் சின்ன வரி. பெட்டி தானாக அணைந்து எழும்.

அந்த ஆறு எழுத்தை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம். இதுவரை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. உங்கள் மகனுக்கும் தெரியாது.

மெர்லின்


மரியே வாழ்க

திண்டிவனம்
3-5-2010

அன்பு மருமகளுக்கு.

விக்கிரவாண்டியில் எனக்கு யாரையும் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். இனி ஒளிக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

பெரிய வெள்ளி அன்று பன்னிரண்டு முதல் மூன்று வரை நம் வீட்டில் எதுவும் ஓடாது. என் அப்பா காலத்திலிருந்து அப்படி. அடுப்பு எரியாது, உரல் ஆட்டமாட்டோம், சுவர்க்கடிகாரத்தின் நாக்கைக்கூடப் பிடித்து நிறுத்துவோம். அன்று கடிகாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கடையிலிருந்து பெட்டியின் விசிறிச் சத்தம் கேட்டது. ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற நேரத்தில் என் வீட்டில் மாவு ஆடுகிறதே என்று மனம் பொறுக்கவில்லை. போய்ப் பார்த்தேன். நூற்று முப்பத்தொன்று என்று இருந்தது. மூன்று மணிக்கு மறுபடி தொடங்கட்டும் என்று பிடுங்கிவிட்டேன். கடிகாரம் தொடங்கியது, இது தொடங்கவில்லை. உனக்கு எழுதினால் பஸ் ஏறிவிடுவாய் என்று பயந்தேன். நானூற்று ஆறு குடும்பம் போனாலும் போகட்டும், மறுபடி அடிக்கலாம். நீ பஸ் ஏறக் கூடாது.

விருத்தாசலம் ஒரு மாதமாக என்னை விடவில்லை. "ஈஸ்டரே போயிடுச்சி பெருசு, உன் மெஷினு இன்னும் உயிர்த்தெழலியா?" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் முன்னால் கேட்டான்.

நேற்று பூசை முடிந்து வந்து கடைக்கதவைச் சாத்திக்கொண்டேன். உன் ஆறு எழுத்தை மடியில் வைத்து அடித்தேன். நீ சொன்னபடி ஒன்றும் தெரியவில்லை. பெரிய விசையைத் தட்டினேன். தவறு என்று நினைக்கிறேன், திரும்பக் கேட்டது. ஒரு எழுத்தை இரண்டு தடவை அடித்திருப்பேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி. இந்தத் தடவை விட்டது. நீள வரி அடித்தேன். நிறைய ஓடியது. சின்ன வரி அடித்தேன். அணைந்தது. எழுந்தது. நீ வைத்த மாதா படம் திரையில் வந்தது மெர்லின். பெயர்களைத் திறந்தேன். நானூற்று ஆறும் இருக்கின்றன. ஒன்று முதல் கடைசி வரை விரல் வைத்துப் படித்தேன். முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பிறகு போய் விருத்தாசலம் கடையில் இரண்டு போண்டா தின்றேன்.

இன்னும் இரண்டு விஷயம்.

அந்த ஆறு எழுத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. வடிவம் தெரியும். உன் பீரோவில் மேல்தட்டில் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருக்கிறது. நீலநூலில் அதே ஆறு, அதே வரிசையில் தைத்திருக்கிறாய். இரண்டு வருடத்துக்கு முன் நீ அதைத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். போன தடவைப் பிள்ளைக்காக. அது என்ன பெயர் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். சொல்ல வேண்டாமென்று தோன்றினால் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது. மை தீர்ந்தது என்றால் உன் வீட்டில் வேறு பேனா இல்லையா? மல்லாந்து படுத்து எழுதினால் பேனா எழுதாது, பென்சில்தான் எழுதும். நானும் படுத்து எழுதிப் பார்த்துவிட்டேன். வரி அப்படித்தான் சரிகிறது. உண்மையை எழுது. நான் எழுதிவிட்டேன் அல்லவா.

கடைசி வரி பின்பக்கம்.

இப்படிக்கு,
இன்னாசிராஜ்


விழுப்புரம்
12-5-2010

அன்புள்ள மாமாவுக்கு.

இதைப் பேனாவால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். வரிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் எட்டாம் தேதி ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இருபத்துமூன்று நாள் காலைத் தூக்கிவைத்து மல்லாந்தே படுத்திருந்தேன். அம்மாவிடமும் உங்கள் மகனிடமும் உங்களுக்குச் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சொன்னால் கடையைப் பூட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிடுவீர்கள். மே முதல் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். நேற்று டாக்டர் பார்த்தார். ஏழு தாண்டிவிட்டது மாமா. பிள்ளை உதைக்கிற உதையில் வயிற்றின் மேல் வைத்த தட்டு நகர்கிறது.

உங்கள் ஏழாம் தேதிக் கடிதத்தைப் படித்ததுமே பெட்டி நின்றுவிட்டது என்று தெரிந்துவிட்டது. பூனைக்குட்டியைப் பற்றி எழுதுகிறவர் பெட்டியைப் பற்றி எழுதாமல் இருப்பாரா. ஏன் நின்றது என்பதும் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. நம் வீட்டில் பெரிய வெள்ளிக்குக் கடிகாரம் நிற்பதை மூன்று வருடம் கூடவே இருந்து பார்த்தவள் நான். தெரிந்தும் புதன்கிழமை தொடங்கச் சொன்னேன். தப்பு என்னுடையது. பெட்டி என்றால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். அம்மாவிடம் சொன்னேன். "சம்பந்தி செஞ்சதுதான் சரி. நீ மெஷினுக்கு அடுத்த வருசத்துலேர்ந்து லீவு குடு" என்றார்கள்.

விக்கிரவாண்டிக்காரர் கடிதம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. நர்ஸ் அம்சா அதை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னா இது, மந்திரமா?" என்று கேட்டார். கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார், பாவம். எனக்கு அங்கே நாள் முழுக்க நினைக்க ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றரை நாள் வேலை வந்தபிறகு நினைக்க இன்னொன்று கிடைத்தது. உங்களுக்குச் சரியாகப் பதில் எழுத வேண்டும் என்று மூன்று நாள் யோசித்தேன். அந்த மூன்று நாளும் நன்றாகத் தூங்கினேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அந்தப் பெயர் ஜெனித். ஆரோக்கிய ஜெனித். ஆணென்றாலும் பெண்ணென்றாலும் பொருந்தும் என்று நினைத்துத் தைத்தேன். பையன். ஞானஸ்நானம் கொடுக்க உயிர் இல்லாததால் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்த மறுவாரம் பெட்டியின் ரகசியச் சொல்லை அதுவாக மாற்றினேன். தினமும் ஒரு தடவையாவது அடிக்க வேண்டியிருக்குமே என்று. அடித்தால் திரையில் தெரியாது, அதனால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். இப்போது நீங்கள் கேட்டதும் எழுதிவிட்டேன். எழுதியபிறகு இலேசாக இருக்கிறது.

பின்பக்கம் இன்னொரு வரி இருக்கிறது. அதை அடித்தால் முதலிலிருந்து தொடங்காது. விட்ட இடத்திலிருந்து மிச்சம் எண்பத்து நான்கை மட்டும் ஆட்டும். இப்போது பெரிய வெள்ளி எதுவும் இல்லை, தைரியமாக அடியுங்கள்.

உங்கள் மருமகள்,
மெர்லின்


மரியே வாழ்க

திண்டிவனம்
14-7-2010

அன்பு மருமகள் மெர்லினுக்கு.

நான் சுகம். நீயும் பேத்தியும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன். இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது சொல்ல நினைத்ததெல்லாம் வாயில் வரவில்லை. எழுத்தில் வருகிறது. சகாய பிரியா என்ற பெயர் நன்றாக இருக்கிறது. 'ழ' இல்லை.

எண்பத்து நான்கும் மே மாதமே ஆட்டி முடிந்தது என்று எழுதியிருந்தேன். நேற்றுப் பெயர்களும் முடிந்தன. அறுநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். நம் குடும்பத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பதிவேட்டுப் பிரதியில் நம் பக்கத்தைப் பார்த்தேன். பிறகு பாதரிடம் போய், பதிவேட்டில் இல்லாத ஒரு பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். யாருடையது என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் தாடையைத் தடவினார். "புக்கை அடிக்கிறது யாரு?" என்றார். "நான்தான் பாதர்." "அப்புறம் என்னை எதுக்குக் கேக்குறீங்க" என்றார்.

அதனால் இப்படி அடித்தேன்:

இன்னாசிராஜ். மகன் இருதயராஜ். மருமகள் மெர்லின். பேரப்பிள்ளைகள் ஆரோக்கிய ஜெனித், சகாய பிரியா.

'ஜெ' எங்கே இருக்கிறது என்று விசையில் தேடவில்லை. கை தானாகப் போனது. இந்தத் தடவை அடிக்கும்போது திரையிலும் தெரிந்தது. வாய்விட்டுப் படித்தேன். விருத்தாசலம் எட்டிப் பார்த்து, "யாரு பெருசு அது, புதுப் பேரா கீது?" என்றான். "என் பேரன்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் கழித்து டீ கொண்டுவந்து வைத்தான்.

காலையில் குறுந்தட்டை அச்சகத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆகஸ்டு பதினைந்தில் அறுநூறு வீட்டுக்கும் புத்தகம் போய்விடும். இனிமேல் அந்தப் பெயரை ஊரே படிக்கும், ரகசியச் சொல்லாக வைக்க முடியாது. புதிதாக ஆறு எழுத்து யோசித்துப் பின்பக்கம் எழுதி அனுப்பு. அவசரமில்லை. வீட்டுக்கு வந்து மாற்றினாலும் சரி.

கடைசி வரியைப் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, ஒன்றும் கேட்காமல் சும்மா நிற்கிறது.

இப்படிக்கு,
பேரன் பேத்தி எடுத்த
இன்னாசிராஜ்